வாத்து கத்தல

எங்க வீட்டுல தையல் எம் புருசனுக்கு, வாயி எனக்கு. அப்படித்தான் பங்கு. தாராவியில ஒரு மாடி ரூம்ல பாவாடை தைக்கிற ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கோம். எங்க வீட்டுக்காரவ மிஷின்ல உக்காந்தா தலை நிமிர மாட்டாவ. துணி எடுக்கப் போறது, மாட்டுங்காவுலயும் குர்லாவுலயும் கடைக்காரன்கிட்ட மல்லுக்கட்டி ஆர்டர் பிடிக்கிறது, லைட்டு போச்சின்னா ஆபீஸ்ல போய் நின்னு கத்துதது, எல்லாம் நான்தான். தமிழ், ஹிந்தி, மராட்டி மூணுலயும் எனக்கு நல்லா ஏச வரும். எங்க வரிசை வீட்டுச் சால்ல தண்ணிக் கொழாயில தகராறுன்னா பொம்பளையெல்லாம் எங்க வீட்டுக் கதவைத்தான் தட்டுவாளுவ. கல்யாணமான நாள்லேருந்து அவிய எங்கிட்ட அதிகமாச் சொன்ன வார்த்தை என்னன்னு கேட்டா, "கொஞ்சம் வாய மூடேன்ளா" தான்.

அந்த வாயி போயிருமோன்னு நான் நடுங்குன கதை இது.

மொதல்ல கண்ணுலதான் வந்துச்சு. மாட்டுங்காவுல ஒரு பொடவைக் கடையில பாவாடைக் கலரெல்லாம் விரிச்சிக் காட்டிக்கிட்டு நிக்கேன். இடது கண்ணுல, மேலேருந்து கீழ, கடை ஷட்டர் எறக்குனாப்ல கருப்பா எறங்குச்சு. வலி கிலி ஒண்ணும் கிடையாது. பச்சைப் பாவாடையில பாதியக் காணோம். கடைக்காரன் பேசுதது காதுல விழுது, அவன் மூஞ்சியில பாதிதான் தெரியுது. கண்ணாடியக் கழத்தி முந்தானையில தொடச்சேன். கொஞ்ச நேரத்துல ஷட்டர் தானா மேல ஏறிருச்சு. இது கண்ணாடிக் கோளாறுன்னு முடிவு பண்ணிட்டேன். நேரா கிங்ஸ் சர்க்கிள் போயி, கண்ணாடி போட்டுக் குடுத்தவன்கிட்ட, என்னய்யா பவரு போட்டிருக்க, பாதி ஒலகம் தெரிய மாட்டேங்குதுன்னு சண்டை பிடிச்சேன். அவனும் பாவம், புதுசா ஒரு லென்ஸ் மாத்திக் குடுத்தான்.

அடுத்து கையில வந்துச்சு. துணி வெட்டிக்கிட்டு இருக்கும்போது கத்தரி கையிலேருந்து நழுவி விழுந்துச்சு. குனிஞ்சி எடுத்தேன், மறுபடியும் விழுந்துச்சு. அந்நேரம் பாத்து எங்க மவ ஆபீஸ்லேருந்து போன் பண்ணுனா. "கத்தரி விழுந்துட்டு விழுந்துட்டு போவுது"ன்னு நான் சொன்னது எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு. அவளுக்குக் கேக்கல. "யம்மா, என்ன கொழறுத? வாயில என்ன வெச்சிருக்க?"ன்னா. நான் ஒண்ணும் வெச்சிருக்கல. அவ அப்படிக் கேட்ட ஒடனே எனக்கு எங்க அக்கா நெனப்பு வந்துருச்சு.

எங்க அக்கா செம்பூர்ல மவன் வீட்டுல இருக்கா. அஞ்சாறு வருசத்துக்கு முந்தி, காப்பி ஆத்திக்கிட்டு இருந்தவ அப்படியே சாஞ்சிட்டா. மூளைக்குப் போற ரத்தம் அடைச்சிருச்சாம். வலது கையும் காலும் விழுந்துபோச்சு. பேச்சும் போச்சு. ஒரே ஒரு வார்த்தைதான் அவளுக்கு மிச்சம்: "இல்ல." சாப்பிட்டியாக்கான்னா "இல்ல." அப்பத்தான் சாப்பிட்டு வாயில பருக்கை ஒட்டிக்கிட்டு இருக்கும், அதுக்கும் "இல்ல." பசிக்காக்கான்னாலும் "இல்ல"தான், ஆனா தட்ட வெச்சா அள்ளி அள்ளித் திம்பா. சரி, தலைய ஆட்டிக் காட்டுன்னு சொன்னா, அதுவும் ஆமாவுக்கும் இல்லைக்கும் மாறி மாறிப் போவும். அவளுக்கே கோவம் வந்து, "இல்ல, இல்ல, இல்ல"ன்னு இடது கையால கட்டிலக் குத்துவா.

இதுல ஒரு அதிசயமும் உண்டு. நாங்க வேதக்காரவ. ஞாயித்துக்கெழம சாயங்காலம் அக்கா வீட்டு ஜெபத்துல எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்லுவோம். யாராவது மொத ரெண்டு வார்த்தைய எடுத்துக் குடுத்தாப் போதும், அக்கா கடகடன்னு ஒரு எழுத்து பிசகாம ஆமென் வரைக்கும் சொல்லிருவா. முடிச்ச ஒடனே, தண்ணி வேணுமாக்கான்னா, "இல்ல." பாஸ்டர் கண்ணத் தொடச்சிக்கிட்டு ஸ்தோத்திரம்பாரு. வாரவ போறவ எல்லாருக்கும் அக்காவ ஜெபம் சொல்ல வெச்சிக் காட்டுவோம். பக்கத்துல உக்காந்து எடுத்துக் குடுக்கிறது எப்பவும் நான்தான். பேச்சு வராதவ பேசுதாளேன்னு எல்லாருக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம்.

மவ என்னைய பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனா. கழுத்துல வழுவழுன்னு என்னத்தையோ தடவி மிஷின வெச்சி உருட்டிப் பாத்தாவ. டாக்டரு ஒரு பேப்பர்ல படம் போட்டாரு. எங்களுக்குப் புரியணும்னு ஹிந்தியில நிதானமாத்தான் சொன்னாரு. கழுத்துல ரெண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் போற பெரிய கொழாய் இருக்கு. ஒங்களுக்கு இடது பக்கத்துக் கொழாயில கொழுப்பு படிஞ்சி படிஞ்சி ரொம்ப அடைச்சிட்டு. அதுலேருந்து துணுக்கு ஒடைஞ்சி மேல போனதாலதான் கண்ணு இருட்டுச்சு, கத்தரி விழுந்துச்சு. இப்ப தானாச் சரியாயிட்டு, அடுத்த தடவை ஆகாமப் போவலாம். கழுத்தத் தொறந்து, கொழாயக் கீறி, உள்ள இருக்கிறத வழிச்சி எடுத்துட்டு திரும்பத் தச்சிருவோம்னாரு.

அதுவரைக்கும் செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த எங்க வீட்டுக்காரவ வாயத் தொறந்து, "எந்த நூலு?"ன்னு கேட்டாவ.

எனக்கு மானம் போச்சு. டாக்டரு சிரிக்கல. தலைமுடிய விட மெலிசா நீல நூலு ஒண்ணு இருக்கு, அறுந்து போவாதுன்னாரு. இவிய ஏதோ பெரிய கவலை தீந்தாப்ல தலைய ஆட்டிக்கிட்டாவ.

அதுக்கு அப்புறந்தான் டாக்டரு கஷ்டமான விசயத்துக்கு வந்தாரு. கீறித் தைக்கிற நேரம் முழுக்க அந்தக் கொழாயில ரத்தம் ஓடக்கூடாது, மேலயும் கீழயும் கிளிப் போட்டு நிறுத்தணும். அந்நேரம் மத்த பக்கத்துலேருந்து வாற ரத்தம் மூளைக்குப் போதுமா போதாதான்னு பாக்கணும். "அதனால மயக்கம் குடுக்க மாட்டோம். கழுத்து மட்டும் மரத்துப்போவும். நீங்க முழிச்சிருந்து பேசிக்கிட்டே இருக்கணும். பேச்சு நின்னா, கையில பலம் கொறைஞ்சா, ரத்தம் பத்தலன்னு எங்களுக்குத் தெரிஞ்சிரும். ஒடனே ஒரு சின்ன டியூப் வெச்சி ரத்தத்த மேல அனுப்பிருவோம்"னாரு. அதோட விடல. இந்த ஆபரேசன் நடக்கும்போதே ஸ்ட்ரோக் வாரதுக்கும் வாய்ப்பு உண்டு, கொஞ்சந்தான், ஆனா உண்டுன்னாரு.

எதுக்குப் பயந்து அறுக்கப் போறோமோ, அதே அறுக்கும்போது வருமாம். இது என்னய்யா நியாயம்? நான் தமிழ்ல கத்துனதுல வெளிய வரிசையில இருந்தவ எல்லாம் எட்டிப் பாத்தாவ. செய்யாம விட்டா என்னன்னு கேட்டேன். அப்ப வாரதுக்கு இன்னும் ரொம்ப வாய்ப்புன்னாரு. மவ என் கையப் பிடிச்சி அமுக்குனா. சரின்னு தலையாட்டிட்டு வந்தேன்.

அதுக்கும் ஆபரேசனுக்கும் நடுவுல உள்ள நாள நான் எப்படி ஓட்டுனேன்னு கர்த்தருக்குத்தான் தெரியும். காலையில எந்திரிச்ச ஒடனே பல்லு வெளக்குததுக்கு முந்தி ஒவ்வொரு சாமானா தொட்டுப் பேரு சொல்லிப் பாப்பேன். வாளி. சொம்பு. நாடா. பாபின். எல்லாம் வந்துச்சின்னா அன்னைக்கு உசிரு இருக்குன்னு அர்த்தம். ஒரு நாளு அடுப்புல பாலு பொங்குது, சட்டிய எறக்கணும், சட்டிய எறக்குத சாமானோட பேரு வாயில வரல. ஊர்ல அதுக்கு ஒரு பேரு, இங்க ஒரு பேரு, ரெண்டுமே வரல. பாலு பொங்கி வழியுது, நான் அடுப்பு முன்னால நின்னு அழுதுக்கிட்டு இருக்கேன். அவிய மிஷின விட்டு ஓடி வந்தாவ. "என்னளா?" "அதுக்குப் பேரு என்ன? சட்டி பிடிக்கிறது!" அவியளும் முழிக்காவ. "அதான்ளா, அந்த... நசுக்கிப் பிடிக்கிற இது..." ரெண்டு பேருமா நின்னு கைய விரிச்சி மூடி விரிச்சி மூடிக் காட்டிக்கிட்டோம். சாயங்காலம் மவ வந்து, ஊர்ல இடுக்கி, இங்க பக்கட்டுன்னு ரெண்டு பேரையும் சொல்லி, "ஒங்க வயசுல எல்லாரும் மறப்பாவம்மா"ன்னா. அவளுக்கு என்ன? அன்னைக்கெல்லாம் இடுக்கி இடுக்கின்னு சொல்லிக்கிட்டே கெடந்தேன்.

ஆபரேசனுக்கு முந்தின ஞாயித்துக்கெழம அக்காவப் பாக்கப் போனேன். போவணும்னு ஆசையும் இல்ல, போவாம இருக்கவும் முடியல. அக்கா மவன் எப்பவும் போல அவ காதுக்கிட்ட குனிஞ்சி, "யம்மா! சித்தி வந்திருக்காவ! சித்தி!"ன்னு சத்தம் போட்டான். அக்காகிட்ட நாங்க எல்லாருமே சத்தம் போட்டுத்தான் பேசுவோம். பக்கத்து வீட்டுக்காரவ, பாஸ்டர், நானு, எல்லாரும். ஏன்னு யாரும் யோசிச்சதில்ல. அன்னைக்கு ஜெபத்துல அக்கா தடதடன்னு சொல்லி முடிச்சா. நான் அவ வாயவே பாத்துக்கிட்டு இருந்தேன். நாளைக்கு என்னையும் இப்படித்தான் உக்கார வெச்சி, யாராவது ரெண்டு வார்த்தை எடுத்துக் குடுத்து, நான் சொல்ல, எல்லாரும் ஸ்தோத்திரம்பாவ. காப்பி கூடக் குடிக்காம எந்திரிச்சி வந்துட்டேன்.

ஆஸ்பத்திரியில காலையிலேயே கழுத்துல கெடக்கிறதக் கழத்தச் சொல்லிட்டாவ. சிலுவை கோத்த தாலிச் சங்கிலியக் கழத்தி இவிய கையில குடுத்தேன். சட்டைப் பையில போட்டுட்டுப் பையப் பொத்திக்கிட்டே நின்னாவ. தள்ளுவண்டி கதவுகிட்ட வந்ததும் கூடவே நடந்து வந்த இவிய குனிஞ்சாவ. "ஏளா, நீ பேசாத வீட்டுல நான் என்ன செய்வேன்?"ன்னாவ. இத்தன வருசத்துல அவிய வாயிலேருந்து இப்படி ஒண்ணு வந்து நான் கேட்டதில்ல. எனக்கு அழுகையும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு. இத்தன நாளா வாய மூடு வாய மூடுன்னீரே, இப்ப என்னவாம்னு கேக்கதுக்குள்ள வண்டிய உள்ள தள்ளிட்டாவ.

உள்ள ஒரே குளிரு. மூஞ்சிய வலது பக்கமாத் திருப்பி வெச்சி, மேல பச்சைத் துணியக் கூடாரம் மாதிரி கட்டிட்டாவ. கழுத்துல நாலஞ்சி ஊசி. அதுதான் வலி, அதுக்குப் பொறவு யாரோ வேற ஒருத்தி கழுத்த இழுக்கிறாப்ல இருந்துச்சு. கூடாரத்துக்குள்ள என் மூஞ்சிக்கு நேரா ரெண்டு பேரு. ஒண்ணு, என்னையக் கவனிச்சிக்கிற டாக்டரம்மா. இன்னொண்ணு கேரளத்துப் பிள்ளை ஒருத்தி, நர்ஸு, தமிழ் நல்லாவே பேசுனா. வலது கையில ஒரு ரப்பர் வாத்தைக் குடுத்தாவ. சின்னப் பிள்ளைங்க குளிக்கும்போது வெச்சி வெளையாடுமே, அமுக்குனா கீக்குன்னு கத்துமே, அந்த மஞ்ச வாத்துதான். டாக்டரம்மா 'தபாவோ'ன்னு சொல்லும்போதெல்லாம் நான் அமுக்கணும். மத்த நேரம் பேசிக்கிட்டே இருக்கணும்.

பேசுததுக்கு எனக்கா சொல்லித் தரணும்? ஆரம்பிச்சேன் பாருங்க. நாடா கோக்குத எடத்துல ரெட்டைத் தையல் போடாதவன் பாவாடைய வாங்காதீங்கன்னேன். வெல கொறச்சிக் கேக்கிற கடைக்காரன எப்படி மடக்கணும்னு சொன்னேன். டாக்டரம்மா எந்தக் கடையில பொடவை எடுக்காவன்னு கேட்டு, அங்க எடுக்காதீங்க, சாயம் போவும்னேன். தபாவோ, கீக். தபாவோ, கீக். துணிக்கு அந்தப் பக்கம் இருந்து டாக்டரு, "மாஜி ஜோர்ல இருக்காங்க"ன்னாரு. உள்ளுக்குள்ள பயம் இருந்துச்சு, ஆனா அந்தப் பயத்தப் பேச்சால அமுக்கி வெச்சிருந்தேன்.

"இப்ப கிளிப் போடுதோம், பேசுங்க"ன்னாரு டாக்டரு. நான் மாட்டுங்காக் கடைக்காரன் கதையச் சொல்லிக்கிட்டு இருந்தேன். அவன் ஒரு நாளு என்ன செஞ்சாம்னா, நான் கொண்டு போன...

அதோட நின்னுபோச்சு.

இருட்டல, வலிக்கல, தலை சுத்தல. பாவாடைங்கிற வார்த்தை வேணும். அது என்னன்னு எனக்குத் தெரியுது, அதோட கலரு தெரியுது, கையில அதோட துணி தெரியுது. வார்த்தை மட்டும் வரல. நூலு அறுந்தது தெரியாம மிஷினு ஓடுமே, ஊசி பாட்டுக்கு ஏறி எறங்கும், துணியில ஒரு தையலும் விழாதே, அது மாதிரி வாயி அசையுது, ஒண்ணும் விழல. டாக்டரம்மா முகம் மாறுச்சு. "மாஜி! மாஜி! ஆப்கா நாம் க்யா ஹை?" பேரு கேக்காவ. எனக்குத் தெரியாதா என் பேரு? "மாஜி! போலியே!" பேசு பேசுன்னு காதுக்குள்ள கத்துதாவ. நான் உள்ள இருந்து தொண்டை கிழியக் கத்துதேன், இருக்கேன், இங்கதான் இருக்கேன்னு. வெளிய ஒரு சத்தமும் போவல.

அந்த நர்ஸுப் பிள்ளை என் கழுத்துல முந்தி கெடந்த சிலுவையப் பாத்திருக்கும் போல. குனிஞ்சி, "அம்மா, பேடிக்க வேண்டா, பயப்படாதீங்க, ஜெபம் சொல்லுங்க"ன்னு சொல்லி, மொத ரெண்டு வார்த்தைய எடுத்துக் குடுத்துச்சு.

வந்துச்சு. கடகடன்னு வந்துச்சு. ஒரு எழுத்து பிசகல.

என் ஆயுசுல அப்படிப் பயந்ததில்ல. ஏன்னா, அத நான் சொல்லல. நான் ஒரு பக்கம் நிக்கேன், ஜெபம் ஒரு பக்கம் தானா ஓடுது. அக்கா குரலு மாதிரியே ஒரே ஓட்டமா ஓடுது. இத நிறுத்துங்க, இது நான் இல்ல, இத நம்பாதீங்கன்னு சொல்லணும். சொல்ல முடியல. ஜெபந்தான் வருது. அந்தப் பிள்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பேசுறாங்க டாக்டர், பிரேயர் சொல்றாங்க, க்ளியரா சொல்றாங்க!" டாக்டரம்மாவும் அப்பாடான்னு மூச்சு விட்டாவ. அவ்வளவுதான், முடிஞ்சிதுன்னு நெனச்சேன். நல்லா இருக்கான்னு சொல்லி அப்படியே தச்சி மூடிருவாவ, நான் வெளிய வந்து ஆயுசு பூரா ஜெபம் மட்டும் சொல்லுவேன். ஆமென் வரைக்கும் போயி நின்னுச்சு.

துணிக்கு அந்தப் பக்கத்துலேருந்து டாக்டரு குரலு. "வாத்து ஏன் கத்தல?"

டாக்டரம்மா திரும்பி என் கையப் பாத்தாவ. "தபாவோ, மாஜி. தபாவோ!" நான் அமுக்குதேன்னுதான் நெனச்சேன். வாத்து மெத்தையில உருண்டு கெடந்துச்சு.

"டியூப்"ன்னாரு டாக்டரு. கழுத்துல இழுக்கிறதும் அழுத்துறதுமா இருந்துச்சு. அந்த நர்ஸு சிரிப்ப நிறுத்திட்டு என் கன்னத்துல கைய வெச்சிக்கிட்டு இருந்துச்சு. எவ்வளவு நேரம்னு கேக்காதீங்க, எனக்கு அது முடியவே முடியாதுன்னு இருந்துச்சு. டாக்டரம்மா மறுபடி மறுபடி காதுகிட்ட வந்து, "மாஜி! மாஜி! நாம் போலியே!"ன்னு கத்திக்கிட்டே இருந்தாவ. அப்ப வலது கை வெரல்ல எறும்பு ஊருனாப்ல வந்துச்சு. பொறவு தொண்டையிலேருந்து, நானே சொல்லி, என் சொந்த வார்த்தை வந்துச்சு.

"எதுக்குளா காதுல கத்துத? நான் என்ன செவிடா?"

எம்புட்டுப் படிச்ச டாக்டரம்மா, அவியளப் போயி மரியாதை இல்லாம 'ளா' போட்டுப் பேசிட்டேன். நர்ஸுப் பிள்ளை ஒடனே ஹிந்தியில மாத்திச் சொல்லிருச்சு. கூடாரத்துக்கு அந்தப் பக்கம் டாக்டரு சிரிச்சது கேட்டுச்சு. வாத்த எடுத்து என் கையில வெச்சாவ. நான் அமுக்குன அமுக்குல அது கத்துன கத்துல, சும்மா இருங்க மாஜி போதும்னுட்டாவ. அவிய தச்சி முடிக்கிற வரைக்கும் நான் பேச்ச நிறுத்தவே இல்ல. பாவாடை, நாடா, இடுக்கி, பக்கட்டு, கடைக்காரன், அவன் அப்பன், எல்லாரையும் இழுத்துப் பேசுனேன். கண்ணுலேருந்து தண்ணி பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு.

வெளிய வந்ததும் இவிய தாலிச் சங்கிலியக் கையில பிடிச்சிக்கிட்டு ஒண்ணும் கேக்காம நின்னாவ. நானே, "ஒம்ம நீல நூலு நல்லா இருக்கு"ன்னேன். சொன்னது காத்து மாதிரி வந்துச்சு. கொழாய்க்குப் பக்கத்துல போற குரலு நரம்பு கொஞ்சம் ஒரசிட்டாம், சத்தம் வர சில வாரம் ஆகும், வார்த்தைக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டரு சொன்னாரு. அவிய என் வாய்கிட்ட காதக் கொண்டுவந்து வெச்சிக்கிட்டாவ. நான் சொல்லுததக் கேக்க அவிய குனிஞ்சது அன்னைக்குத்தான்.

தையல் ஆறி வெளிய நடமாட ஆரம்பிச்ச ஒடனே, செம்பூருக்குத்தான் போவணும்னேன். அக்கா வீட்டுல எனக்காக ஸ்தோத்திர ஜெபம் வெச்சிருந்தாவ. பாஸ்டர், அக்கம்பக்கத்துக்காரவ, எல்லாரும் வந்திருந்தாவ. அக்கா மவன் அவ காதுகிட்ட, "யம்மா! சித்திக்கு ஆபரேசன் நல்லா முடிஞ்சிது! நல்லா!"ன்னு கத்துனான். பாஸ்டரு என்னையப் பாத்து, "தங்கச்சி பொழைச்சதுக்கு அக்காவே ஜெபம் சொல்லட்டும், எடுத்துக் குடுங்க"ன்னாரு. எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு அக்கா வாயப் பாத்தாவ.

நான் மாட்டேன்னு தலையாட்டுனேன். பாஸ்டரு எனக்குத் தொண்டை சரியில்லன்னு நெனச்சி, அவரே எடுத்துக் குடுக்க வாயத் தொறந்தாரு. அக்காவுக்கு முன்னால கைய நீட்டித் தடுத்தேன். பொறவு கட்டில்ல ஏறி அவ பக்கத்துல உக்காந்தேன். எனக்குக் கத்த முடியாது. அவ காதுல வாய வெச்சி, ரெண்டு பேரும் சின்னப் பிள்ளையா ஒரே பாயில படுத்துக் கெடக்கும்போது பேசுவோமே, அந்தச் சத்தத்துல பேசுனேன்.

"யக்கா. நீ இருக்கிற எடத்துக்கு நான் போயிட்டு வந்தேன். கொஞ்ச நேரந்தான். எல்லாரும் காதுல கத்துனாவ. எனக்கு வந்த கோவம் ஒனக்குத் தெரியும்."

அக்கா திரும்பி என்னையப் பாத்தா. இடது கைய எடுத்து என் கழுத்துத் தையல் மேல வெச்சா.

இத்தன வருசமா நாங்க அவகிட்ட ஆமான்னு பதில் வாற கேள்வியாத்தான் கேட்டிருக்கோம். சாப்பிட்டியா, தண்ணி வேணுமா, நல்லா இருக்கியா. அவகிட்ட இருக்கிறது ஒரே ஒரு வார்த்தை. அதுக்கு ஏத்த கேள்வி ஒண்ணக் கூட யாரும் கேக்கல.

"யக்கா, நீ செவிடா?"

"இல்ல"ன்னா. வெடுக்குன்னு சொன்னா. அக்கா மவன் நிமிர்ந்து பாத்தான்.

"ஒனக்கு மூளை கொழம்பிட்டா?"

"இல்ல."

"அந்த ஜெபம் வருதே, அத நீயா சொல்லுத?"

அவ என் கையப் பிடிச்சிக்கிட்டா. ஆஸ்பத்திரியில அந்த வாத்த நான் அமுக்குனாப்ல அமுக்குனா. கண்ணு ரெண்டும் நெறைஞ்சிட்டு. "இல்ல"ன்னா, "இல்ல. இல்ல." அவளும் அழுதா, நானும் அழுதேன். எனக்கு இன்னும் ஒண்ணு கேக்கணும்னு இருந்துச்சு. கேக்கப் பயமாவும் இருந்துச்சு. கேட்டேன்.

"யக்கா, நீ எங்கள விட்டுட்டுப் போயிட்டியோ?"

அக்கா என் மூஞ்சிய இடது கையால தூக்கி, நேராப் பாத்து, நிதானமாச் சொன்னா.

"இல்ல."